மிச்சம் வைத்த பாதி

டக்.

உள் அறையில், தட்டின்மேல் ஸ்பூன் வைக்கிற சத்தம். அடுப்படியில், சோள மாவில் கறி வைத்துச் சோளத்தோலில் கட்டிய தமாலே வெந்துகொண்டிருந்த பானைக்கு முன் நின்ற எவுலாலியா சட்டென்று திரும்பினாள். துணி மாற்றி வருகிறேன் என்று போன மகள் தின்றுகொண்டிருக்கிறாள்! அதுவும் ஆஸ்பத்திரியிலிருந்து பெரேனிஸ் மேடம் வீடு பார்க்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது!

மகள் யாரெலிக்குப் பதினாறு வயது. நூற்று நாற்பத்தெட்டு கிலோ. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுக்க டாக்டர்கள் சம்மதித்துவிட்டார்கள். வீடும் அதற்குத் தயார் என்று மேடம் எழுதிவிட்டால் தேதி கிடைத்துவிடும். எழுதாவிட்டால் இன்னும் ஒரு வருஷம். நாலு படி ஏறினாலே மூச்சு முட்டும் பெண்ணுக்கு ஒரு வருஷம்!

டக்.

"உள்ளே யாரும்மா சாப்பிடறது?"

"பூனை, மேடம்."

"ஸ்பூன் வச்சா?"

மேடம் எழுந்துபோய்த் திரையை விலக்கினார்.

எவுலாலியா செருப்புத் தோல் தைக்கிற மெஷின் பலகையில், தட்டில் ஒரே ஒரு தமாலே, குழந்தைக்கு ஊட்டும் ஸ்பூன், ஒரு அலாரம் கடிகாரம், விரலளவு பீங்கான் பொம்மை. யாரெலி பதறவில்லை. பொறுங்கள் என்று கையைக் காட்டி, மென்று விழுங்கி, ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"மன்னிச்சுக்குங்க மேடம். ஒரு மணிக்கு என் சாப்பாட்டு நேரம், நீங்க லேட்டு. ஒவ்வொரு வாய்க்கும் ஸ்பூனைக் கீழே வைக்கணும், முப்பது தரம் மெல்லணும். ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படித்தானே? இப்பவே பழகறேன்."

"எத்தனை நாளா?"

"இவன் என்கிட்ட சிக்கின நாள்லேருந்து." யாரெலி பொம்மையைத் தொட்டுக் காட்டினாள்.

ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளில், உள்ளே பொம்மை மறைத்துச் சுட்ட ரொட்டியை வெட்டியபோது அவள் துண்டில் வந்த பொம்மை. பொம்மை வந்தவர்தான் பிப்ரவரி இரண்டாம் தேதி சொந்தபந்தம் எல்லாருக்கும் தமாலே போட வேண்டும். அது இன்றைக்கு.

"சித்தப்பா சிரிச்சாரு மேடம். 'இவளை நம்பி மாவைக் கொடுத்தா நமக்கு வெறும் சோளத்தோல்தான் மிஞ்சும்'னாரு. நூத்தியிருபது கட்டியிருக்கேன். வந்து எண்ணிக்கட்டும்."

மேடத்தின் பின்னால் வந்திருந்த எவுலாலியா கதவு நிலையிலேயே நின்றுவிட்டாள். நேற்று முழுக்கப் பன்றிக்கறிக் குழம்பு மணக்க மணக்க உட்கார்ந்து கட்டிய பெண், விரலைக்கூட நக்கவில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றல்லவா பெற்றவள் நினைத்தாள்! இத்தனை நாளும் பக்கத்து அறையில் இப்படியொரு தவமா? தான் பெற்றவளைத் தானே அண்ணாந்து பார்ப்பது போலிருந்தது.

"பயமா இல்லையா?" மேடத்தின் குரல் இறங்கியிருந்தது.

"இருக்கு. அப்பாவுக்குச் சர்க்கரையால முதல்ல விரல் போச்சு, அப்புறம் கால் போச்சு, அப்புறம் அப்பாவே போயிட்டாரு. எனக்கு வயித்துல கொஞ்சம் போனாப் போகட்டும்."

சாப்பாட்டு நேரம் முடிந்து அலாரம் அடித்தது. யாரெலி பாதித் தமாலேயோடு தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்னடி மிச்சம் வைக்கறே? ரெண்டு வாய்தானே, சாப்பிட்டுடு கண்ணு!"

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது தன் வாய் என்று எவுலாலியாவுக்கு உறைத்தது. குறிப்பு எழுதிக்கொண்டிருந்த மேடத்தின் பேனா நின்றுவிட்டது.

"ஆபரேஷன் அவ வயித்துக்குத்தாம்மா. உங்க வாய்க்குச் செய்ய எங்ககிட்ட டாக்டர் இல்ல."

"அம்மாவைத் திட்டாதீங்க மேடம்," என்றாள் யாரெலி. "என்னைப் பசியோட விட அவங்களுக்குத் தெரியாது. கத்துப்பாங்க."

எவுலாலியா தட்டை எடுத்தாள். வாழ்நாளில் ஒரு பருக்கையைக்கூட வீணாக்காத கை அது. குப்பைக் கூடையின் மூடியைத் திறந்தாள். கண்ணீர் சொட்டச் சொட்ட அந்தப் பாதியை வழித்துக் கொட்டினாள். வெறும் தட்டோடு திரும்பி வந்து நின்றாள்.

"கத்துக்கறேன் மேடம்."

மேடம் வெகுநேரம் எழுதினார். பிறகு நிமிர்ந்து, "ஆபரேஷன் மார்ச் ஒன்பது. ரெண்டு பேரும் வந்துடுங்க," என்றார்.

வாசலில் எவுலாலியா, வந்தவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம்போல, ஒரு டஜன் தமாலேயைத் துணியில் அடுக்கத் தொடங்கினாள்.

"ஒண்ணு போதும்மா," என்றார் மேடம்.

இரண்டாவதைத் தொட்ட கை அப்படியே நின்றது. ஒரு கணம்தான். ஒன்றே ஒன்றைச் சுற்றிக் கொடுத்தாள். மேடம் படியிறங்கித் தெருவில் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.