செம்புச் சுத்தியலில் ஒரு நம்பர்

எழுத்து எனக்குத் தொழில் அல்ல. பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் பேனாவை எடுத்ததற்கு மன்னித்துவிடுங்கள். எழுதப்போகிற விஷயத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

என்னிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே பேர் உட்காரலாம், மேற்கூரை துணி. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் பெரிய அதிகாரியாக இருந்த ஒரு துரையின் கார் அது. என் அப்பா அவருக்கு டிரைவர். துரை சீமைக்குத் திரும்பியபோது காரை அப்பா பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பின் எனக்கு வந்தது. நான் பங்காருப்பேட்டையில் ஒரு மோட்டார் ஸ்பேர்ஸ் கடையில் வேலை செய்கிறேன். கவுண்டரில் நிற்பவன் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை. தெருவில் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

பெங்களூரில் வருடத்துக்கு ஒருமுறை பழைய கார்களின் கண்காட்சி நடக்கும். இந்த வருடம் என் காரை அங்கே நிறுத்த வேண்டும் என்று ஆசை. அப்பா அந்த மாதிரி இடங்களுக்குத் துரையை ஓட்டிக்கொண்டு போய், வெளியே மரத்தடியில் காத்துக் கிடந்தவர். அவர் மகன் உள்ளே, கயிறு கட்டிய இடத்துக்குள் நிற்க வேண்டும். வேறு காரணம் இல்லை.

நடத்துகிற கிளப் ஒரு நிபந்தனை வைத்தது. காரோடு வந்த கருவிகள் அத்தனையும் அசலாக இருக்க வேண்டும். ஜாக்கியும் ஸ்பேனர்களும் டிக்கியில் பத்திரமாக இருந்தன. சுத்தியல்தான் இல்லை.

அது சாதாரணச் சுத்தியல் அல்ல. இந்தக் காருக்குக் கம்பிச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு பிடித்திருக்கும். அதற்கு இரண்டு காதுகள் உண்டு. காதில் அடித்துத்தான் கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும். இரும்பால் அடித்தால் காது சிதைந்துவிடும். அதனால் சுத்தியலின் தலை செம்பு. துரை காலத்தில் சுரங்கத்து கராஜில்தான் காருக்கு வேலை நடக்கும், சுத்தியல் அங்கேயே தங்கிவிட்டது என்று அப்பா சொல்லியிருக்கிறார். சுரங்கம் மூடியபோது கராஜ் சாமான்கள் எந்தெந்த வீட்டுக்குள் போயினவோ.

மைசூர் மைன்ஸ் சுரங்கத்தை ஒட்டித் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் தேடக் கிளம்பினேன்.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப கூட ஒரே வூட்லதான் காபி குடிச்சே. ஒரு சுத்திக்கு இத்தினி வூடு ஏறி எறங்குவியா?" என்றாள் மனைவி.

ஏறி இறங்கினேன். அறிமுகமில்லாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்கும் தெரியும். முதல் வீட்டில் ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா வோணும்?"

"மைன்ஸ் கராஜ் சுத்தி... பழசு... ஏதாச்சும் கீதா?"

அவர் என் இன் பண்ணிய சட்டையையும் கையிலிருந்த பையையும் பார்த்தார். "எங்க வூட்ல ஒன்னும் இல்ல சார். எல்லாம் அப்பவே ஒப்படைச்சாச்சு." கதவு மூடியது. உள்ளே கட்டிலுக்கு அடியில் கனமான எதையோ இழுத்துத் தள்ளும் சத்தம் கேட்டது.

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது: சாமான்களைத் திரும்ப எடுத்துப்போக ஆள் வந்திருக்கிறான்! சுரங்கம் மூடி இத்தனை காலமாகியும் எங்கள் ஊரில் அந்தப் பயம் போகவில்லை.

அடுத்த ஞாயிறு நடந்து போகவில்லை. காரிலேயே போனேன். திரும்பிப் பார்க்கிறார்களே என்று எப்போதும் கூசுகிறவன், அன்று ஹாரனையும் அடித்தேன். கதவுகள் திறந்தன.

"அட, தொரை காரு! டிரைவர் பையனா நீ? இத மொதல்லயே சொல்றதுக்கின்னா, வாயில கொழுக்கட்டையா?" என்றார் அதே பெரியவர்.

என் வயதுள்ள ஒரு பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் சுத்தியல். மரப்பிடி கறுத்திருந்தது. தலை செம்பு. ஒரு பக்கம் கார் கம்பெனியின் முத்திரை, மறு பக்கம் பஞ்ச் பண்ணிய நாலு இலக்க நம்பர்.

"எங்க மாமனாரு கராஜ்ல ஃபிட்டரு. அவரு டோக்கன் நம்பரு இது. யாரு கையில குடுத்தாங்களோ அவங்க நம்பர அடிச்சிடுவாங்க, தொலஞ்சா கேக்கறதுக்கு. அவரு போட்டோ கூட எங்ககிட்ட இல்ல. எடுத்துக்கினு போ. கறி எலும்பு ஒடைக்க எனக்கு ஒரு இரும்புச் சுத்தி வாங்கியா. நம்பர மட்டும் அரம் போட்டு ராவிடாத."

"ராவ மாட்டேன்க்கா" என்றேன். மறுநாளே இரும்புச் சுத்தி வாங்கிக் கொடுத்தேன்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு கிளப்காரர் காரைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். ஜாக்கியைத் தட்டிப் பார்த்தார், ஸ்பேனர்களை எண்ணினார். சுத்தியலைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு திருப்பிப் பார்த்தார்.

"சூப்பர் பீஸ் சார். இந்த நம்பர் மட்டும் கம்பெனி போட்டதில்லையே. லைட்டா கிரைண்ட் பண்ணிட்டா முடிஞ்சுது. அஞ்சு நிமிஷ வேலை."

"அது ஒரு ஆளோட நம்பர் சார்."

"இருக்கலாம். ஜட்ஜுங்க ஒரிஜினல்தானே கேப்பாங்க. இப்படியே இருந்தா லிஸ்ட்ல வராது."

கயிறு கட்டிய இடம் கண்ணில் தெரிந்தது. அதற்கு வெளியே மரத்தடியும் தெரிந்தது. இந்தக் காரைச் செய்தவன் முத்திரை அசல், ஓடவைத்தவன் நம்பர் அழுக்கா? அதை அவரிடம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. வந்தது ஒன்றுதான்.

"ராவ மாட்டேன் சார்."

"அவசரப்படாதீங்க. யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

"நாளைக்கும் இதேதான் சார்."

வாசலில் நின்ற மனைவி என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். "வாய் தொறந்துட்டியே" என்றாள். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினோம். அவர் தெருமுனை தாண்டுவதற்குள், இறுக்கமாகவே இருந்த நான்கு நட்டுகளையும் அந்தச் சுத்தியலால் ஒருமுறை அடித்து இறுக்கினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

மறுநாள் காலை கிளப்பிலிருந்து மெசேஜ் வந்தது. கண்காட்சிப் பட்டியலில் என் கார் இல்லை.