கழிக்காமல் விட்ட தண்ணீர்

ஆபரேஷன் தியேட்டரில் அந்த நர்ஸைச் சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தராசு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ரத்தத்தை ஒற்றியெடுத்த காஸ் துணிகளை ஒவ்வொன்றாக எடை போட்டு, எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று சொல்வது அவள் வேலை. மளிகைக்கடைக்காரர் அவளிடம் பாடம் படிக்க வேண்டும், அவ்வளவு கறார். இரண்டு கிராம் இடித்தாலும் டாக்டரோடு மல்லுக்கு நிற்பாள். அது பிறவிக் குணம் இல்லை, பட்டு வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்றுக்கு மண்டையோட்டில் அறுவை சிகிச்சை. எலும்புகள் சீக்கிரமே ஒட்டிக்கொண்டதால் மூளை வளர இடமில்லை. காஸ் துணிகளை நனைத்துப் பிழிந்துதான் கொடுத்திருந்தார்கள். இவள் அந்தத் தண்ணீரைக் கழிக்காமல் மொத்தத்தையும் ரத்தம் என்று சொல்லிவிட்டாள். மயக்க டாக்டர் நம்பி ரத்தம் ஏற்றினார். மறுவாரம் மூத்த நர்ஸ் ஒருத்தி பேச்சுவாக்கில், "தண்ணிய கழிச்சுடுறதானே?" என்று கேட்டபோது இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டாள். குழந்தைதான் நன்றாக இருக்கிறதே, எதற்குக் கிளற வேண்டும்?

மூன்று வயதில் அதே பையன் திரும்பி வந்தான். மண்டை மறுபடி இறுகிப் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. அன்று ஏறிய ரத்தத்தை எதிர்க்கும் பொருள் அவன் உடம்பில் உண்டாகியிருந்ததால், இப்போது ரத்த வங்கியில் ஒரு பைகூட அவனுக்குச் சேரவில்லை. தகவலைக் கேட்டவள் கழிப்பறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மூன்று வாரம் இரும்புச்சத்து மருந்து கொடுத்து ரத்தம் ஊற வைத்தார்கள். அறுவையன்று கசிவைக் குறைக்க ஊசி போட்டார்கள். போகும் ரத்தம் இருநூறு மில்லியைத் தாண்டினால் பாதியில் மூடிவிடுவது என்று முடிவு. கூட்டிச் சொன்னால் பையனுக்குக் கண் போகும், குறைத்துச் சொன்னால் உயிரே போகும்.

"எவ்ளோம்மா?" என்றார் சர்ஜன். கடைசித் துண்டு எலும்பு மட்டும் பாக்கி.

அதுவரை வந்த துணிகளை இரண்டு தடவை எடை போட்டாள். "நூத்தி எண்பத்தாறு, சார்."

"நம்பி உள்ள போலாமா?"

"போங்க சார். தண்ணிய கழிச்சுட்டேன்."

நூற்றுத் தொண்ணூற்றெட்டில் தையல் முடிந்தது.

சாயங்காலம் பையனின் அம்மா நடைவழியில் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "போன தடவை ரத்தம் ஏத்தி காப்பாத்துனீங்க. இப்ப இவனுக்கு எந்த ரத்தமும் சேராதாமே. நாளைக்கு எங்கயாவது விழுந்து அடிபட்டா நான் என்ன செய்வேன்? ஏன்க்கா என் புள்ளைக்கு மட்டும் இப்படி?"

உடம்பு வாகு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரை வந்தும்விட்டது.

"போன தடவை ஏத்துன ரத்தத்தாலதான் இப்படிம்மா. அவனுக்கு அது தேவையே இல்ல," என்றாள். "நான்தான் தப்பா எடை போட்டுச் சொல்லிட்டேன்."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"இல்ல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

அம்மா பிடித்திருந்த கைகளை மெதுவாக விட்டாள். மகன் படுத்திருந்த அறைக்குள் போய், கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டாள்.