புள்ளிக்குப் பின் இருபத்தைந்து சுழி

“சூப்பு சூடாக இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகுமா? அப்போ ஒம்பது கோடி கிலோமீட்டர் நிக்கணும்” என்று சொல்லிவிட்டு, எக்கார்ட் கைத்தடியைப் பரிமாறும் மேசையில் சாய்த்து வைப்பார். அந்த ஐந்து நிமிடத்தில் ஒளி அவ்வளவு தூரம் ஓடுமாம். ஜெர்மனியில் போட்ஸ்டாமுக்கு வெளியே இருக்கும் இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் கணக்கு சுலபமாக இருக்க, ஒளியின் வேகத்தையும் 1 என்று வைத்துக்கொள்வார்கள், ஈர்ப்பின் அளவையும் 1 என்று வைத்துக்கொள்வார்கள். அதனால் நேரமும் எடையும் எல்லாமே மீட்டர்தான். சூரியனின் எடை ஒன்றரைக் கிலோமீட்டர். பூமி நாலரை மில்லிமீட்டர், பட்டாணி அளவுகூடத் தேறாது. இருபத்திரண்டு வருடமாக இங்கே உணவகத்தில் பரிமாறுகிற எனக்கே இதெல்லாம் மனப்பாடம்.

வரிசையில் நிற்கிற மற்றவர்களும் இப்படிக் கணக்குப் போடுகிறவர்கள்தான். ஆனால் கரும்பலகையோடு விட்டுவிடுவார்கள். இவர் வீட்டுக்கும் கொண்டு போகிறவர்.

அவருடைய மனைவி ரோஸ்விதா, ரொட்டிக்கடை ஹார்ட்முட்டின் கடைசித் தங்கை. அவர்களுடைய அம்மா வழியில் எல்லோருக்கும் வாய் கொஞ்சம் நீளம். எக்கார்டின் தொந்தி மாமனார் வீட்டு அடுப்பில் வளர்ந்தது. பிளம்ஸ் கேக்கை நான் வெட்டும்போது தட்டை நகர்த்தவே மாட்டார். “மீட்டர்ல பார்த்தா இது அணுவுக்குள்ள தேடினாலும் கிடைக்காதும்மா. இன்னொண்ணு வைங்க” என்பார்.

வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும், ஆனால் நூறு கிலோவுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்பேன் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஐந்து மாதம் காத்திருந்து அறுவை சிகிச்சைக்கு ஒரு நாள் கிடைத்தது. மருத்துவமனைப் படிவத்தில் எடை என்ற கட்டத்தில், தன் மீட்டர் கணக்கில் புள்ளி வைத்து, இருபத்தைந்து சுழி போட்டு, ஓர் எட்டும் எழுதி அனுப்பினார் மனிதர். சுழிகள் கட்டத்தைத் தாண்டி இரத்த வகை வரைக்கும் போயிருந்தன. எடையே இல்லாத நோயாளிக்கு எந்தக் காலை மாற்றுவது என்று அங்கே விழித்து, அந்த நாளை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

போன புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரோஸ்விதா அந்தப் படிவத்தோடு உள்ளே வந்தாள். கெஞ்சிக் கூத்தாடி அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதியை வாங்கியிருந்தாள். அன்றைக்கு அவர்களே எடை பார்ப்பார்களாம். நூறு கிலோவுக்கு மேல் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

எக்கார்ட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். “நூத்தெட்டு கிலோன்னா எட்டு. நூறுன்னா ஏழரை. அதுவும் இருபத்தாறாவது இடத்துல. நடுவுல வெறும் அரைதானே ரோஸி. இதுக்குப் போயா இந்தப் பாடு?”

வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். கணக்கு சரிதான்.

“அந்த அரையைத்தான் நான் தினம் தோள்ல தாங்கி மாடி ஏத்துறேன்” என்றாள் ரோஸ்விதா.

தலையாட்டியவர்கள் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். எக்கார்ட் படிவத்தை வாங்கி, எல்லாச் சுழிகளின் மேலும் ஒரே கோடு இழுத்து, பக்கத்தில் 108 என்று எழுதினார். பிறகு நான் வழக்கம்போல் எடுத்து வைத்திருந்த கேக் தட்டை, இரண்டு கையாலும் பிடித்து, பாறையை நகர்த்துகிறவர்போல் மூச்சை அடக்கி, என் பக்கம் தள்ளினார்.