சம்பூர் மாப்பிள்ளை

நோர்வேயில், ஸ்டோவ்னர் என்ற இடத்தில், அக்காவின் குசினியில், பிரிட்ஜ் கதவில், ஒரு படம் ஒட்டியிருந்தது. வெயிலில் வெளிறிய பெருவெளி. நடுவே மண்நிறத்தில் எட்டுப் பக்கமுள்ள ஒரு கட்டடம். ஒவ்வொரு மூலைக்கும் மேலே தலை உடைந்த ஒரு தூபி. அவை சுற்றி நிற்க, வானத்தில் ஒரு துண்டை வெட்டிக் கவிழ்த்தது போல நீலக் கும்மட்டம். பாரசீகத்தில் சுல்தானியே என்ற ஊரில், எழுநூறு வருடங்களுக்கு முன் ஒரு மங்கோலிய அரசன் கட்டிய கல்லறை மாளிகை அது. கறிக்குத் தாளிக்கும்போதெல்லாம் எண்ணெய் தெறித்துப் படத்தின் கீழ்ப்பாதி மஞ்சளாகியிருந்தது. "ராசாவுக்கு எங்கட வீட்டிலை ஒவ்வொரு நாளும் கடுகுப் பூசை" என்பார் அக்கா.

அக்கா என் பெரியம்மாவின் மகள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. நான் பஸ் ஓட்டுகிறவன். பெரிதாகப் படிக்கவில்லை, ஏறி இறங்குகிற சனத்தின் வாயிலிருந்து பொறுக்கியதுதான் என் படிப்பு. அதிலும் பாதி அக்காவின் வாயிலிருந்து வந்தது. வேலை முடிந்து அந்தக் குசினி மேசையில் போய் இருந்தால், ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் பாரசீகம் போய்த் திரும்பலாம்.

அக்காவோடு சேர்ந்து வாழ்ந்தவர் ஈரான்காரர். கடைத்தொகுதியில் மரக்கறிக் கடை வைத்திருந்தார். வெண்டிக்காய் வாங்கப் போன இடத்தில் பழக்கம். அவருடைய ஊர் அந்தக் கட்டடத்தின் நிழல் விழுகிற தூரம். ஒரு கோடை விடுமுறைக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். திரும்பி வந்த அக்கா, ஏதோ தானே நின்று கட்டுவித்தது மாதிரிக் கதைக்கத் தொடங்கினார். "உள்ளை போய் நிமிர்ந்து பாத்தனெண்டால், கழுத்து நோகுதே தவிர கும்மட்டம் முடியேல்லையடா. நடுவிலை ஒரு தூண் இல்லை. முழுக்க இரும்புச் சாரம் கட்டி வைச்சிருக்கினம், எங்கட கிழவன்மார் மாதிரி." மேல்மாடத்து வளைவுகளில் சுண்ணச் சாந்தில் செதுக்கி, சிவப்பும் காவியும் தீட்டிய பூவேலைகளைப் பற்றிச் சொல்லும்போது, அக்காவின் விரல் மேசை விரிப்பில் கோடு போடும். ஒரு வளைவில் இருந்த கோலம் அடுத்ததில் இல்லையாம். கூறைச்சேலைக் கடையில் சேலை சேலையாக விரித்துப் போட்டது போல இருந்ததாம்.

அவர்களுடைய மொழியில் கும்மட்டத்துக்கு 'கொம்பத்' என்று பெயர். எங்கள் சொல்லே அங்கிருந்து வந்ததுதான் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதை நான் எடுத்துவிட, அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியே, உங்கட சொல்லு தாலி கட்டாமலே எங்கட வீட்டிலை எத்தினை காலமாய்க் குடியிருக்குது."

அந்தக் கட்டடத்தில் அக்காவை உலுப்பியது வேறொன்று. முதலில் உட்சுவர் முழுவதையும் செங்கல்லாலும் நீல ஓடுகளாலும் நட்சத்திரம் நட்சத்திரமாக இழைத்திருக்கிறார்கள். பிறகு என்ன நினைத்தார்களோ, அத்தனைக்கும் மேலே சாந்து பூசி, அந்தப் பூச்சின் மேல் புதிதாகச் சித்திரம் எழுதியிருக்கிறார்கள். அரசன் அந்த மாளிகையை முதலில் தங்கள் மார்க்கத்துப் பெரியவர்களின் எலும்புகளைக் கொண்டுவந்து வைக்கத்தான் கட்டினான், அது சரிவராமல் போகவே தனக்கென்று மாற்றிக்கொண்டான் என்று ஊரில் கதை சொல்வார்களாம். இப்போது பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலிருக்கும் நீலம் எட்டிப் பார்க்கிறது. "பூசினவன் எவ்வளவு கெட்டிக்காரன்" என்றார் அக்கா. "அவனையும் குறை சொல்லேலாது, அவன்ரை வேலையும் வடிவாத்தான் இருக்கு. அதுதான் எனக்கு விசரேத்துது."

நோர்வேயில் கலியாணம் எழுதாமல் ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்கிறவர்களுக்கு 'சம்பூர்' என்று பெயர். ஆஸ்பத்திரியில் சொன்னால் கதிரை இழுத்துப் போடுவார்கள். வங்கியில் சொன்னால் தலையாட்டுவார்கள். மரியாதையான சொல். தமிழில் அதற்குச் சொல் இல்லை, இருப்பவையெல்லாம் வசைகள். ஊரிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் "ஆரடி உன்னோட இருக்கிற பெடியன்?" என்று கேட்ட அன்று நானும் அந்தக் குசினியில்தான் இருந்தேன். அக்கா மூச்சை இழுத்துவிட்டு, "சம்பூர் அம்மா" என்றார்.

"ஓ, திருகோணமலைப் பக்கத்துச் சம்பூரே! பாவம், இடம்பெயர்ந்து அலைஞ்ச சனம். என்ன ஆக்களோ தெரியாது. அங்கை ஆரிட்டை விசாரிக்கிறது? சரி, தமிழ்ப் பெடியன்தானே" என்றார் பெரியம்மா.

அக்கா தொலைபேசியை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். திருத்தவில்லை. "பூசினது பூசினபடி கிடக்கட்டும். மனிசி நிம்மதியாயிருக்குது" என்றார். பெரியம்மாவுக்குக் கண் மங்கல். குரல் மட்டும்தான் கணக்கு. ஈரான்காரரும் அக்கா சொல்லிக் கொடுத்தபடி, "மாமி, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்பார். "சம்பூர்ப் பேச்சு வேற மாதிரித்தான், ஆனா எவ்வளவு பணிவு" என்று பெரியம்மா ஊரெல்லாம் சொன்னார். நான் மட்டும் அவரை அத்தான் என்று கூப்பிட்டேன். அக்காவின் கூடப்பிறந்த அண்ணன், பக்கத்திலேயே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருப்பவர், அவரை எதுவுமே கூப்பிட்டதில்லை. ஸ்டோவ்னர் வீட்டுப் படியும் மிதித்ததில்லை.

அக்காவுக்கு வருத்தம் வந்து, அது முற்றி, ஒரு வசந்தகாலத்தில் போய்விட்டார். கடைசி மாதங்களில் குளிப்பாட்டியது, ஊட்டியது எல்லாம் அத்தான். சட்டப்படி இறுதிக் காரியத்துக்குப் பொறுப்பும் அவருடையதுதான். அண்ணன் வந்து நின்றதும் அவர் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார். ஐயர், கிரியை, வாய்க்கரிசி, எல்லாம் உங்கள் முறைப்படி நடக்கட்டும் என்றார். கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் சனம் அச்சடிக்கும் மரண அறிவித்தலில், அவள் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயர் வரவேண்டும். அண்ணன் தலையாட்டினார்.

தகன மண்டபத்தில் அந்தத் தாளை எல்லோருக்கும் கொடுத்தார்கள். முன்வரிசைகள் உறவினரால் நிரம்பியிருந்தன. கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருந்த அத்தான் தாளை நீட்டி, "தம்பி, நான் எங்கை?" என்று கேட்டார். அக்கா பழக்கிய தமிழ். நான் வாசித்துக்கொண்டு போனேன். இன்னாரின் அன்பு மகளும் என்று ஒரு வரி. அடுத்த வரியில் என் நாக்கு நின்றது. 'சம்பூரைச் சேர்ந்த காலஞ்சென்ற' என்று தொடங்கி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தமிழ்ப் பெயர் போட்டு, 'அவர்களின் அன்பு மனைவியும்' என்று முடிந்திருந்தது. கீழே வழக்கம்போல, இத்தகவலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டிருந்தார்கள்.

அவரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு சொல்லாக நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அவர் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, அக்காவின் அதே இழுவையோடு, "அப்ப நான் எப்ப செத்தனான், தம்பி?" என்றார்.

வெளியே வைத்து அண்ணனிடம் கேட்டேன். அவர் குரல் உயர்த்தவில்லை. "அம்மாவுக்கு என்னத்தைச் சொல்லச் சொல்லுறாய்? புருசனே இல்லையெண்டு போட்டால் மனிசி தாங்காது. உயிரோட இருக்கெண்டு போட்டால் சனம் எங்கை ஆள் எண்டு தேடும். செத்தவனை ஒருத்தரும் தேடாயினம்." மருமகன் போன மாரியிலேயே மாரடைப்பில் போய்விட்டதாகவும், தாங்கமாட்டாய் என்றுதான் மறைத்ததாகவும் பெரியம்மாவுக்குச் சொல்லியாயிற்று. பெரியம்மா இரண்டு பேருக்குமாக அழுது கிடந்தார். அண்ணனும் அழுதுதான் இருந்தார், கண் வீங்கியிருந்தது. அவரை முழுதாக வெறுக்கவாவது முடிந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

உண்மையைப் பெரியம்மாவிடம் சொல்கிறேன் என்று நான் கிளம்பியபோது மறித்தவர் அத்தான்தான். "எனக்காக அழுத ஒரே ஆள் அந்த மனிசி. அவவின்ரை மருமகனை இன்னொருக்காச் சாக்கொல்ல வேண்டாம்" என்றார்.

இப்போதும் வேலை முடிந்து ஸ்டோவ்னருக்குப் போகிறேன். தேத்தண்ணி அவர் ஊற்றுகிறார், கதை இல்லை. அண்மையில் ஒரு பின்னேரம் அப்படி இருக்கும்போது பெரியம்மா என்னை அழைத்தார். கை ஈரமாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன். திவசம் வருகிறதாம், மகளோடு சேர்த்து மருமகனுக்கும் படைக்கப் போகிறாராம்.

"மோனை, பிள்ளைக்குப் பிடிச்சது எனக்குத் தெரியும். அந்தத் தம்பி என்ன விரும்பிச் சாப்பிடுவார்? நீதானே போய்வந்து பழகினனி."

நான் எதிரில் இருந்தவரைப் பார்த்தேன். அவருக்கு அவ்வளவு தமிழ் விளங்கும். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, பெரியம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "புட்டு. கத்தரிக்காய்ப் பால்கறி."

அதையே நான் திருப்பிச் சொன்னேன்.

"பாத்தியே!" பெரியம்மாவின் குரல் அந்தக் குசினி முழுவதும் நிறைந்தது. "எங்கட பிள்ளையேதான். உயிரோட இருந்திருந்தால் என்ரை கையாலை அவிச்சுப் போட்டிருப்பனே, ராசா."