நோட்டீசில் அராஜகம் என்றுதான் போட்டேன்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதிலும் ‘அராஜகம்’ என்ற சொல்லைக் கண்டபடி புழங்கினால் நான் நானாக இருக்க மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வாசலை மறித்து பைக்கை நிறுத்தினால் அராஜகமாம். ரவுடி கடையை உடைத்தால் அராஜகமாம். ஒருவரை ஒருவர் ஆளாமல் மனிதர்கள் சேர்ந்து வாழ முடியும் என்று நம்பி, சிறைக்குப் போய், சிலர் உயிரையும் விட்டு வளர்த்த சிந்தனைக்கு நம் ஊரில் இந்தக் கதி. கல்லூரியில் அரசியல் பாடம் எடுப்பவள் நான். “அரசின்மைவாதம்னு சொல்லிட்டுப் போங்களேன் மேடம்” என்று மாணவர்கள் கெஞ்சுவார்கள். மாட்டேன். அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்த ஒரு பிரெஞ்சுக்காரர், ஊரெல்லாம் திட்டுவதற்கு வைத்திருந்த அந்த வார்த்தையை எடுத்து, ஆமாம் நான் அதுதான் என்று சொன்னாரே, அவருக்கு இருந்த தைரியம் எனக்கு இருக்கக் கூடாதா?

அதனால் சிங்காநல்லூரில் நான் குடியிருக்கும் வீதியின் பொது மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசுவதாக முடிவானபோது, ‘அராஜகம்: கொள்கையும் வரலாறும். அனைவரும் வருக’ என்றே நோட்டீஸ் போட்டு, வீதி வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். நாலு பேர் வந்தாலே அதிகம் என்றிருந்தேன். போய்ப் பார்த்தால் உட்கார நாற்காலி பத்தவில்லை.

பூரித்துப்போய் மைக்கைப் பிடித்தேன். வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். “ரொம்ப நன்றிங்க டீச்சர். யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு இருந்தோமுங்க. அராஜகம் இன்னைக்கு நேத்தா நடக்குது? அதுக்கு வரலாறே இருக்குதுங்க!”

 பிறகுதான் புரிந்தது, அவர்கள் வந்தது தண்ணீருக்காக. எங்கள் வீதிக்குப் பொதுவாக ஒரு போர்வெல், ஒரு மேல்நிலைத் தொட்டி. வீதியை நாலு துண்டாகப் பிரித்துத் துண்டுக்கொரு வால்வு வைத்திருக்கிறார்கள். வால்வைத் திருகும் நீளக் கம்பிச் சாவி வீதிச் சங்கத் தலைவர் வீட்டில் இருந்தது. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் பக்கத்துத் தொட்டிகள் நிறைந்ததும் சாவியோடு உள்ளே போய்விடுவார். கடைசித் துண்டுக்குக் குழாயில் காற்றுதான் வரும்.

அந்தக் கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்து இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா எழுந்தார். “கிரைண்டரக் கழுவத் தண்ணி இல்லீங்க. இந்த மாசத்தோட ஊட்டக் காலி பண்ணிப்போட்டு அன்னூருக்கே போயிரலாம்னு இருக்கறனுங்க. பொண்ணு படிப்புதான் பாதில நிக்கும்.” சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கூட்டம் கொதித்தது. தலைவரை மாற்ற வேண்டும் என்றார்கள். “இனி டீச்சர்தானுங்க தலைவர். சாவி டீச்சர் ஊட்டுலயே இருக்கட்டும்” என்று ஒருவர் சொல்ல, ஒரே கைதட்டல்.

மாட்டேன் என்றேன்.

மாவுக்கார அக்கா என்னை முறைத்தார். “அப்ப எனக்கு யாருங்க தண்ணி உடுவாங்க?”

நியாயமான கேள்வி. நான் பேசத் தயாரித்து வந்த வரலாறு முழுக்க அந்தக் கேள்விதான். அரசைப் பாட்டாளிகள் கைப்பற்றட்டும், பிறகு அது தானாக உதிர்ந்துவிடும் என்றார்கள் பொதுவுடைமைக்காரர்கள். பிடித்த கை விடாது என்று அராஜகவாதிகள் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். இவர்களிலும் சிலர் குண்டு வீசிப் பெயரைக் கெடுத்துக்கொண்டார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஸ்பெயினில் கொஞ்ச காலம் டிராம் வண்டிகளையும் ஆலைகளையும் வயல்களையும் முதலாளி இல்லாமல் நடத்திக் காட்டியதும் இவர்கள்தான். இதை அவசர அவசரமாகச் சொல்லி முடித்தேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

அப்போதுதான், அந்தக் கடைசித் துண்டை நினைத்து, கோபம் ஏறியது. நான் ஆனைமலைப் பக்கத்தில் பிறந்தவள். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர். இன்று உன் வயல், நாளை என் வயல் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். எங்களுக்கு ஏது வயல்? அடுத்தவர் முறைக்கு மடை திறந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. தலைமடைக்காரருக்கு நிறைந்த பிறகுதான் கடைமடைக்குச் சொட்டும். என் அப்பாவை அங்கே யாரும் ‘ங்க’ போட்டு அழைத்ததில்லை. கொங்குத் தமிழே மரியாதைத் தமிழ் என்று யாராவது மேடையில் சொன்னால் அதனாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“சாவி ஊடு ஊடாப் போகட்டுங்க” என்றேன். “முறை வெச்சுக்கலாம். ஆனா அன்னைக்கு யார் கையில சாவி இருக்குதோ, அவங்க பக்கத்துக்குத்தான் கடைசித் தண்ணி.”

பின்வரிசையில் தலைவர் சிரித்தார். அவரும் வந்திருந்தார், வீதியில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் அராஜகத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று நினைத்து. “ஆளுக்கொரு நாள் சாவியா? அராஜகமால்ல போயிரும்!”

“அதேதானுங்க. நோட்டீசுலயே போட்டிருக்கறனே” என்றேன். மண்டபமே சிரித்தது. ஒரு வாரம் தாங்காது என்று சொல்லிக்கொண்டே அவர் சாவியைக் கொடுத்தார்.

தாங்காது போலத்தான் இருந்தது. ஒருவர் வால்வை மூட மறந்து வீதியெல்லாம் வெள்ளம். இன்னொருவர் சாவியைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டார். மறுபடியும் என் வாசலில் கூட்டம். “நீங்களே வெச்சுக்கங்க டீச்சர்.” செத்தாலும் மாட்டேன் என்றேன். மாவுக்கார அக்கா விடவில்லை. “உங்க கொள்கையப் போட்டு மாவு அரைக்கறதுங்களா?” எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கை நீட்டவில்லை. என் வீட்டிலிருந்து ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு அவரோடு நடந்தேன். பின்னாலேயே மற்ற வீடுகளிலிருந்தும் குடங்கள் வந்தன. சைபீரியக் குளிரில் விலங்குகளைப் பார்த்துக்கொண்டு திரிந்த ஒரு ருஷ்ய இளவரசர், உயிர்கள் பிழைப்பது ஒன்றையொன்று அடித்துத் தின்று மட்டுமல்ல, ஒன்றுக்கொன்று உதவியும்தான் என்று எழுதினார். வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். குடத்தைத் தூக்கி இடுப்பு வலித்தது அன்றைக்குத்தான்.

பிறகு முறை தலைவர் வீட்டுக்கு வந்தது. அன்று தண்ணீர் விட்டார், சரியாகவே விட்டார். மறுநாள் சாவி கைமாறவில்லை. அன்றைய முறை மாவுக்கார அக்காவுடையது. மாசக் கடைசி வேறு. அன்றைக்குத் தண்ணீர் வராவிட்டால் வீட்டைக் காலி பண்ண வண்டி சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினேன். அதற்குள் அக்காவே தலைவர் வீட்டு கேட்டில் நின்றிருந்தார்.

“ஏனுங்க, சாவி குடுங்க. நேத்து உங்க முறை, இன்னைக்கு என்ற முறை.”

“டீச்சர வரச் சொல்லு.”

“டீச்சருக்கு இங்க என்னங்க வேலை? முறை என்றதுங்க.”

எதிர் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். பக்கத்து கேட் திறந்தது. அதற்கடுத்ததும் திறந்தது. எல்லாரும் அவரவர் வாசலில் வந்து நின்றார்கள், நானும் நின்றேன். தலைவர் எல்லாரையும் பார்த்தார். உள்ளே போய் சாவியை எடுத்து வந்தார்.

“இந்தாங்க” என்றார்.

அந்த ‘ங்க’ என் காதில் விழுந்தது. வெட்கமே இல்லாமல் நடுவீதியில் நின்று அழுதேன். அக்கா கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு என்னைக் கடந்து போனவர், திரும்பிப் பார்த்து ஒரு அதட்டு அதட்டினார்.

“நின்னு வேடிக்கை பாக்காம போயி தொட்டிக்கு மோட்டாரப் போடுங்க டீச்சர். உங்க பக்கந்தான் மொதல்ல உடறேன்.”

யாருடைய உத்தரவுக்கும் பணிய மாட்டேன் என்று ஊரெல்லாம் பேசுகிறவள், ஓடிப்போய்ப் போட்டேன்.