கடைசி நிமிஷம்

பேருந்துப் பணிமனையில் அவளுக்குக் 'கடைசி நிமிஷம்' என்று பெயர். ஒரு டிரைவருக்கு வைக்கிற பெயரா இது? புதிதாக வருகிற கண்டக்டர்கள், இந்த அம்மா வண்டியைத் தாமதமாகத்தான் எடுப்பார் போலிருக்கிறது என்று முதல் நாள் பயந்துபோவார்கள். உண்மையில் அவள் எல்லோருக்கும் முன்னால் வந்து, டயர்களைக் காலால் தட்டிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெயர் வந்தது கூடைப்பந்தால்.

பணிமனைக்குப் பின்னால், தேய்ந்த டயர்கள் அடுக்கிய சுவருக்கும் வண்டி கழுவும் இடத்துக்கும் நடுவே ஒரு சிமெண்ட் தளம் உண்டு. அங்கேதான் பெண்கள் அணி ஆடும். டிக்கெட் பரிசோதகர்தான் பயிற்சியாளர். பஸ்ஸில் டிக்கெட் இல்லாதவனைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கும் மனிதர், மைதானத்தில் சோம்பேறிகளையும் அப்படியே கண்டுபிடிப்பார். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அவரிடம் ஒரே திட்டம்தான் இருக்கும். பந்தைக் கடைசி நிமிஷத்திடம் கொடு, மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

அது எப்படி அவளால் மட்டும் முடிகிறது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். அவள் ரத்தமே குளிர்ச்சி என்பார் பரிசோதகர். நெரிசலில் பஸ் ஓட்டியே நரம்பு முறுக்கேறிவிட்டது என்பார் கேண்டீன்காரர். அணியில் ஆடும் டைப்பிஸ்ட், இப்படி ஆடுகிறவர்களை டிவியில் 'கிளட்ச்' என்கிறார்கள் என்று ஒருநாள் சொல்ல, "கிளட்ச்னா அது எங்க டிபார்ட்மெண்ட்" என்றாள் மெக்கானிக். அந்த மெக்கானிக் வேறு யாருமில்லை, கடைசி நிமிஷத்தின் நாத்தனார். கணவனின் தங்கை. அணியில் வளையத்துக்குக் கீழே நின்று ஆடுகிறவளும் அவள்தான்.

நானும் ஒரு விளக்கம் சொல்கிறேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் பணிமனையில் சேர்ந்த புதிது. டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி அழைத்து வந்ததே நாத்தனார்தான். அணிக்கு ஆள் குறைகிறது என்று மைதானத்துக்கு இழுத்துவந்ததும் அவள்தான். முதல் போட்டி. ஒரு புள்ளி பின்னால் இருந்தார்கள், நேரம் முடியப்போகிறது, பந்து எப்படியோ இவள் கைக்கு வந்துவிட்டது. வளையத்துக்குக் கீழே நாத்தனார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அண்ணி, அண்ணி" என்று கத்துகிறாள். இவள் கண்ணை மூடாத குறையாக அவளை நோக்கி வீசினாள். பந்து ரொம்ப உயரமாகப் போய், பலகையில் மோதி, வளையத்துக்குள் விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

அவளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அது பாஸ், ஷாட் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள், அந்தக் கூச்சலில் யார் காதில் விழும்? மேலேயிருந்து பார்த்தபோது, நாத்தனார் மட்டும் தூக்கிய கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். பிறகு அதே கைகளால் தட்டினாள்.

ஒரே வீட்டில் இருக்கிறார்கள் இருவரும். சண்டைக்குப் பஞ்சமில்லை. குழாயைச் சரியாக மூடாததற்குச் சண்டை, துணிக்கொடியில் இடம் பிடித்ததற்குச் சண்டை. கோபம் வந்தால் நாத்தனார் என்றோ செத்துப்போன பூனையைக்கூட விசாரணைக்கு எழுப்பிவிடுவாள். ஆனால் அந்தப் பாஸின் பேச்சை மட்டும் ஒருநாளும் எடுத்ததில்லை. கவனிக்கவே இல்லையா, கவனித்தும் வைத்துக்கொண்டிருக்கிறாளா என்று தெரியாமல் இவள் ஆறு வருஷம் அரைத்தூக்கம் தூங்கினாள். கேட்கவும் பயம். கேட்டால் பேர் போய்விடும்.

பேர் முன்னால் போய்விட்டால் கை பின்னாலேயே ஓடவேண்டியிருக்கும். பயத்தினாலேயே பயிற்சி செய்தாள். மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போகும்போது இவள் மூலையில் நின்று எறிந்துகொண்டிருப்பாள். அதற்குப் பிறகு கடைசி நேரத்தில் அவள் போட்டதில் சில விழுந்தன, சில விழவில்லை. விழுந்ததை ஊர் சொல்லிச் சொல்லி மாய்ந்தது, விழாததைக் காற்று அடித்தது, வெயில் கண்ணில் பட்டது என்று மன்னித்துவிட்டது. கூடைப்பந்தில் என்றில்லை, எந்த வீரப் பேருக்கும் பாதி மூலதனம் மற்றவர்களின் மறதிதான். ரத்தம் குளிர்ச்சி என்றார்களே, ஒவ்வொரு முறையும் அவள் பயந்துகொண்டேதான் எறிந்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த வருஷம் பயம் இன்னும் மோசம். புது மேலாளர் வந்திருந்தார். கெட்டவரில்லை, கணக்கானவர். ஓட்ட ஆளில்லாமல் வண்டிகள் நிற்கும்போது பெண்கள் அணிக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் பயிற்சி விடுப்பு எதற்கு என்று கேட்டார். பரிசோதகர் மன்றாடியதில் ஒரு வழி சொன்னார். இந்த வருஷப் போட்டியில் கோப்பை வந்தால் அந்த ஒரு மணி நேரம் இருக்கும், இல்லையென்றால் அதுவும் டியூட்டி.

ஒரு மணி நேரம்தானே என்று ஆண்கள் சிலர் சொன்னார்கள். அவளுக்கு அப்படியில்லை. வீட்டில் இருந்தால் அவள் ஒரு மனைவி, ஓர் அம்மா, ஒரு மருமகள். பஸ்ஸில் ஏறினால் பயணிகளின் சொத்து. நாளெல்லாம் சேர்த்து அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

இறுதிப் போட்டி தபால் அலுவலக அணியோடு. அன்று காலையிலேயே வீட்டில் சண்டை. அவளுடைய ஆட்டச் சட்டையையும் சேர்த்து நாத்தனார் இஸ்திரி போட்டிருக்கிறாள், முதுகில் எண்ணுக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு சூடு. உதவிக்கு வந்தவளைப் பார்த்து இவள் வாய் சும்மா இருந்ததா? ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு இஸ்திரிப் பெட்டி எதற்கு என்று கேட்டுவிட்டாள். கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள், என்ன பயன்? நாத்தனார் தன் பையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குத் தனியாகக் கிளம்பிவிட்டாள்.

ஆட்டமும் அப்படியே போனது. தபால் அணியில் கடிதம் பிரிக்கும் பெண் ஒருத்தி, கொடிக்கம்பம் உயரம். கடைசி நிமிஷத்தை விட்டு அகலவே இல்லை. கடைசிக் கட்டத்தில் இவள் போட்ட இரண்டு ஷாட்டும் வெளியே போயின. ஒரு புள்ளி பின்னால் இருந்தபோது பரிசோதகர் டைம்-அவுட் கேட்டார். திட்டத்தைச் சொன்னார். புதிதாக என்ன இருக்கப்போகிறது? பந்து இவளுக்கு.

இவள் தலையாட்டினாள். மேலாளர் முன்வரிசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கலையும்போது நாத்தனார் அவள் பக்கத்தில் வந்து, ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்தாள். காலைச் சண்டைக்குப் பிறகு அவள் இவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"அண்ணி, அன்னைக்கு மாதிரியே குடுங்க. இந்தத் தடவை மட்டும் கொஞ்சம் கீழே."

"உனக்குத் தெரியுமா?" என்றாள் இவள்.

"கையத் தூக்கிட்டு நின்னது நான்தானே" என்று சொல்லிவிட்டு நாத்தனார் போய்விட்டாள்.

ஆறு வருஷம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனதுபோல் இருந்தது. தெரிந்திருக்கிறது. பூனை முதல் துணிக்கொடி வரை எல்லாவற்றையும் எடுத்து வீசியவள் இதை மட்டும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். இனிமேல் காப்பாற்ற ஒரு பேர் இல்லை. ஆட்டம் மட்டும்தான் பாக்கி.

பந்து அவளிடம் வந்தது. கொடிக்கம்பம் பாய்ந்து வந்தாள், கூடவே இன்னொருத்தி, மூன்றாமவளும் இந்தப் பக்கம் காலை வைத்தாள். ஊருக்கே தெரியும் இவள்தான் எறியப்போகிறாள் என்று. அவள் வளையத்தைப் பார்க்கவில்லை. குறுகலான தெருவில் பஸ்ஸைத் திருப்பும்போது அவள் இடிக்கப்போகிற சுவரைப் பார்ப்பதில்லை, போக இருக்கிற இடத்தைத்தான் பார்ப்பாள். அப்படித்தான் இப்போதும் பார்த்தாள். மூன்று பேரின் கைகளுக்கு நடுவில் ஓர் இடைவெளி, அதற்கு அந்தப் பக்கம் தன்னந்தனியாக இரண்டு கைகள்.

கொடுத்தாள். கொஞ்சம் கீழே.

நாத்தனார் பந்தை நெஞ்சோடு வாங்கி, திரும்பி, பலகையில் வைத்தாள். அது வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்து சற்று யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. தபால்காரர்கள் பந்தை எடுத்து வீசுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

இந்த முறை நாத்தனாரைத் தூக்கினார்கள். ஊர் வாய் இருக்கிறதே, அது மாறுமா? கடைசியில் அவள் கையில் பந்து போனால் போதும் பார்த்தீர்களா என்று கேண்டீன்காரர் இவளைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார். மேலாளர் எழுந்து வந்தார். அந்த ஒரு மணி நேரத்துக்கு இனி யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று முதலில் சொன்னார். பிறகு, இவ்வளவு பேர் பார்க்கும்போது பயமே வராதா என்று அவளிடம் கேட்டார்.

"பயம்தான் சார், எப்பவும் பயம்தான்" என்றாள் அவள். இப்படி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "நான் ஒண்டியாப் போடணும்னு நெனச்சா கை வராது. யாரு சும்மா நிக்கிறான்னு பார்த்தா வந்துடும்."

மேலாளர் நாத்தனாரிடம் திரும்பி, பிரமாதமான பாஸ் இல்லையா என்றார்.

"நல்ல பாஸ்தான் சார்" என்றாள் நாத்தனார். "அண்ணி ஆறு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. இப்பதான் எனக்கு வந்து சேர்ந்துச்சு."

நம்ம பஸ் மாதிரியே தாமதம் என்று பரிசோதகர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கடைசி நிமிஷம் சிரிக்கவில்லை. சூடு பட்ட சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போய் நாத்தனாரின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள்.