தேர்ச் சிராயும் மாமியின் காலும்

எங்கள் வளவில் வீட்டிலிருந்து கிணற்றுக்குப் போகக் கத்தரித் தோட்டத்தைத் தாண்டவேண்டும். மாரி தொடங்கினால் பாத்திகளை ஒரு சாண் உயரத்துக்கு மேடாக்குவோம். இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். கத்தரிக்கு அது நல்லது. பாத்திகளுக்கு நடுவே நடக்கிற மனிதருக்குத்தான் கேடு. எங்கள் ஊரான இணுவிலின் செம்மண் நனைந்தால் எண்ணெய் தடவிய அம்மிபோல வழுக்கும்.

நாட்டில் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய ஓர் ஐப்பசியில், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையுடன் நான் அந்தச் சேற்றில் குடத்தோடு விழுந்தேன். குடம் நெளிந்தது. பிள்ளை மறுபடி உதைக்கும்வரை எனக்கு உயிரே இல்லை.

என் கணவர் வாத்தியார். யோசித்துத்தான் எதையும் செய்வார். ஆகையால் பெரும்பாலும் எதையும் செய்வதில்லை. அன்று யோசிக்கவில்லை. கோயிலில் புதுத் தேர் செய்துகொண்டிருந்தார்கள். ஆசாரிமார் செதுக்கித் தள்ளிய இலுப்பைச் சிராய் கொட்டிலில் குவிந்து கிடந்தது. ஒரு வண்டில் நிறைய அள்ளிவந்து பாத்திகளுக்கு நடுவே கணுக்கால் புதையப் பரப்பிவிட்டார். நடந்து பார்த்தேன். வழுக்கவில்லை, சேறு ஒட்டவில்லை, நல்ல மரவாசனை வேறு. இந்த மனுஷனைக் கட்டியதற்காக முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் அவருடைய தாய், என் மாமி, வரும்வரைதான்.

"உந்தச் சிராய் எங்கையிருந்து வந்தது, தம்பி?"

"கோயில் தேர்க் கொட்டில்லை கிடந்தது, அம்மா."

"சாமி ஏறப்போற தேரின்ரை மரத்தைக் காலாலை மிதிக்கிறதோ? ஒருத்தரும் உதிலை கால் வைக்கக் கூடாது!"

அதன்பிறகு மாமி கிணற்றுக்குப் பாத்திகளின் மேலாகவே போனார். போகும்போதும் வரும்போதும் கத்தரிக் கன்றுகள் முறிந்தன. நான் வேலியோரமாகச் சுற்றிப் போகவேண்டும் என்று கட்டளை. வேலியோரச் சேறு பழைய சேற்றுக்கு அண்ணன். எனக்கு வந்த ஆத்திரம் முழுவதும் கணவர் தலையில் விழுந்தது. "இஞ்சேருங்கோ, உங்கடை அம்மாவுக்குப் பயந்து என்ரை பிள்ளை விழோணுமோ?"

மறுநாள் அவர் தாய்க்கு முன்னால் போய் நின்றார்.

"அம்மா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். உது தேர்ச் சிராய் இல்லை. கந்தசட்டிக்குச் சூரனுக்குப் புதுத் தலை செய்யினம். சூரன்ரை தலையைச் செதுக்கின சிராய்தான் உது."

பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும். அன்று இரண்டு காதும் செவ்வரத்தம்பூ. ஒரு வண்டில் சிராயைச் செதுக்கிக் கொட்டிய பிறகு தலையில் என்ன மிஞ்சும் என்று நல்லகாலம் மாமி கேட்கவில்லை.

மாமி சிராயில் இறங்கினார். முதலில் ஒரு காலால் மெதுவாக, பிறகு இரண்டு காலாலும் மிதியோ மிதியென்று மிதித்தார். "தேவர்களைச் சிறை வைச்சவனெல்லோ, வேணும் அவனுக்கு!" கந்தசட்டி விரதத்தில் பாலும் பழமுமாக இருந்த மனுஷிக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. தண்ணீர் தேவையில்லாதபோதும் கிணற்றுக்குப் போனார். அயல் பெண்களையும் கூட்டிவந்து சூரனை மிதிக்கவைத்தார். நடைபாதை நன்றாக இறுகியது. நானும் பயமில்லாமல் நடந்து திரிந்தேன்.

சூரன்போர் முடிந்த மறுநாள் காலை, மாமி சிராய்க்கு முன்னால் வந்து அப்படியே நின்றுவிட்டார்.

"நேற்றோடை சூரன் மயிலும் சேவலுமா மாறியிட்டான். இனி அவனும் சாமியின்ரை ஆள். மிதிக்கக் கூடாது."

கணவரைப் பார்த்தேன். புராணத்தை வெல்லும் பொய் எதுவும் அவர் கைவசம் இருக்கவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு, மனதுக்குள் தாயையும் மகனையும் திட்டியபடி வேலியோரமாகப் போனேன். கொஞ்சத் தூரத்திலேயே கால் சறுக்கியது. வேலிக் கிளுவையை எட்டிப் பிடித்ததால் தப்பினேன்.

மாமி பார்த்துவிட்டார். பாத்திகளைத் தாண்டி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். என்னைச் சிராய் ஓரத்துக்கு இழுத்து வந்தார். கோயில் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு தன் காலை முதலில் வைத்தார்.

"நான் வைச்ச இடத்திலை காலை வை, பிள்ளை. பாவம் என்ரை காலோடை போகட்டும்."

உண்மையைச் சொல்லிவிடக் கணவர் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். தேர்ச் சிராய் என்று தெரிந்தால் அந்த மனுஷி தாங்கமாட்டார். பிள்ளை பிறக்கும்வரை, நான் கிணற்றுக்குப் போகும் ஒவ்வொரு முறையும், மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.